உயிரியலின் திருப்புமுனை 1944-ஆ, 1953-ஆ?

நுண்ணுயிரன்:
கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும், பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் மூலக்கூறான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை (இரு இழைகள் பின்னிய வடிவத்தை) 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் வெளியிட்ட நாளில்தான் புதிய உயிரியல் பிறந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீங்கற்ற நிமோனியா பாக்டீரியாவை நோய் தரும் வகையாக மாற்றும் பொருள் டி.என்.ஏ.தான் என்று, நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் 1944-இலேயே காட்டிவிட்டார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளால் அப்பொருளின் ஆற்றல் குறையவில்லை, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி பட்டதும் அழிந்தது. மரபுப்பொருள் எதுவென்றே தெரியாதிருந்தால் அதன் வடிவத்தை யார் தேடியிருப்பார்கள்?

மருதம்:
காட்டிய பிறகும் பலர் நம்பவில்லையே, ஐயா! இழையில் வரிசையாக அமையும் நான்கு காரங்கள் (அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற வேதித் துண்டுகள்) ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் சலிப்பான மூலக்கூறு என்று வேதியியலாளர் லெவீன் காலத்திலிருந்து கருதப்பட்ட டி.என்.ஏ., இத்தனை உயிர்களின் வேறுபாட்டை எப்படிச் சுமக்கும் என்ற கேள்விக்கு ஏவரியிடம் விடையில்லை. வடிவம் தெரிந்ததும் விடையும் தெரிந்தது. அடினைனுக்கு எதிரே தைமினும் குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் மட்டுமே பொருந்துவதால் ஓர் இழையைக் கொண்டே மற்றதை உருவாக்கிவிடலாம். ஆனால் ஓர் இழைக்குள் காரங்கள் எந்த வரிசையிலும் அமையலாம் என்பதால் செய்திக்கும் அங்கே இடமிருக்கிறது.

நுண்ணுயிரன்:
அடினைனும் தைமினும் சம அளவில் இருப்பதைக் கண்டவர் உயிர்வேதியியலாளர் சார்காஃப், அவரை டி.என்.ஏ. பக்கம் திருப்பியதே ஏவரியின் கட்டுரைதான். மேலும், 1953-இல் நம் கையில் இருந்தது வெறும் மாதிரி. டி.என்.ஏ. தன்னைப் படியெடுப்பது அந்த மாதிரி சொல்வதுபோலவே நடக்கிறது என்பதற்குச் சான்று 1958-இல்தான் வந்தது.

படிகம்:
நியூயார்க்கையும் கேம்பிரிட்ஜையும் பேசும் நீங்கள் இருவரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியை மறந்துவிட்டீர்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் காஸ்லிங்கும் 1952-இல் எடுத்த டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர்ப் படத்தை, ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே அதே கல்லூரியின் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டினார். இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று கிரிக் உய்த்துணர்ந்ததும், ஃபிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய ஓர் அறிக்கையிலிருந்துதான்.

மருதம்:
படிகம் சொல்வதை மறுக்கமாட்டேன். 1953-இன் பெருமையில் ஃபிராங்க்ளினுக்கும் பங்குண்டு என்பதால் என் வாதம் வலுக்கவே செய்கிறது. நுண்ணுயிரன் குறிப்பிடும் 1958 சோதனையையே எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ.வில் போய்ச் சேரும் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 ஊட்டி வளர்த்த பாக்டீரியாவை மெசல்சனும் ஸ்டாலும் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். முதல் தலைமுறையில் டி.என்.ஏ. முழுவதும் இடைப்பட்ட அடர்த்தியில் இருந்தது. இரண்டாவதில் பாதி இடைப்பட்டதாகவும் பாதி இலேசானதாகவும் பிரிந்தது. இரு இழைகள் பிரிந்து ஒவ்வொன்றும் புதுத் துணை பெறும் என்ற எண்ணத்தை 1953-இன் மாதிரி தராமல் இருந்திருந்தால், அந்தப் பாதிக்குப் பாதியை அவர்கள் எதனுடன் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்?