பழைய மார்பிள்ஹெட் மரப்படகுக்கு ரேடியோ பொருத்தலாமா?

தென்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் தென்கரையில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் மரத்தால் செய்த மாதிரிப் பாய்மரப் படகு ஒன்று கிடைத்தது. அணியத்தின் (முன்பகுதியின்) நுனியிலிருந்து அமரத்தின் (பின்பகுதியின்) விளிம்பு வரை 1270 மி.மீ. நீளம். பருத்தித் துணிப் பாய்கள் இரண்டு. பெரிய பாயில் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தைக்கப்பட்டுள்ளன. மேல்தளத்தின் பின்பகுதியில் பித்தளையாலான ஒரு சுழல் அமைப்பும், அதில் செருகுவதற்கு பால்சா மரத்தாலான மெல்லிய தகடும் இருக்கின்றன. சுக்கானின் தண்டு மேல்தளத்தைத் துளைத்து வெளியே வந்து அந்த அமைப்போடு இணைகிறது. தளத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திறப்பு மட்டுமே உண்டு.

உடல், கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகைகளைக் குடைந்து செய்யப்பட்டது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இடப்பக்கம் ஓர் ஒட்டு மயிரிழையாக விரிந்திருக்கிறது. வண்ணப்பூச்சு அடுக்கடுக்காக உரிகிறது. கீலில், அதாவது படகின் அடியில் நீட்டி நிற்கும் பகுதியில், உள்ள ஈயத்தின்மீது வெண்ணிறப் பொடி படிந்திருக்கிறது.

இந்தப் படகுக்கு ரேடியோ பொருத்தி ஏரியில் ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காக மேல்தளத்தை வெட்டித் திறக்க வேண்டியிருக்குமா? உடல் முழுவதற்கும் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி பாலியெஸ்டர் ரெசின் பூசிவிட்டால் ஒட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்; அது சரியா? பாய்களை இழுக்க எத்தகைய விஞ்ச் (கயிறு சுற்றும் மோட்டார் உருளை) தேவைப்படும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

அடுக்குப்பலகை எழுதியது:

நீங்கள் சொல்லும் நீளமே பாதி விடையைத் தந்துவிடுகிறது. 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய்ப் பரப்பு என்னும் இரண்டு அளவுகளை அடிப்படையாக வைத்து 1930இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மார்பிள்ஹெட்டில் ராய் கிளஃப் என்பவர் தொடங்கிய மார்பிள்ஹெட் என்னும் பந்தயப் படகு வகுப்பு இது. ‘கே’ என்பது அக்காலத்தில் பிரிட்டிஷ் படகுகளின் பாயில் இடப்பட்ட எழுத்து. பாய்களை இஸ்திரிப் பெட்டி படாமல் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள். படகின் வரலாற்றைத் தேட அந்த எண்ணை விட்டால் வேறு பிடி கிடையாது.

பின்தளத்தில் இருப்பது வேன் என்று அழைக்கப்படும் காற்றுத்தகடு. ரேடியோ இல்லாத நாட்களில் படகைக் காற்றுக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தி விட்டுவிடுவார்கள். படகு கோணம் மாறினால் தகட்டின்மேல் காற்று பட்டு அது சுழல, அதனோடு சேர்ந்து சுக்கானும் திரும்பிப் படகைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரும். படகுக்காரர் கையில் ஒரு கழியுடன் கரையோரமாகவே நடந்து சென்று, மறுகரையை நெருங்கும் படகைத் திருப்பிவிடுவார். இதற்கு முன்பு பெரிய பாயின் இழுவிசையையே சுக்கானுக்குக் கொண்டுசெல்லும் பிரெய்ன் கியர் என்ற அமைப்பு வழக்கில் இருந்தது. 1935இல் நார்வேக்காரரான சாம் பெர்கே இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் நடந்த பந்தயத்துக்குக் காற்றுத்தகட்டுடன் வந்த பிறகு பிரெய்ன் கியர் மெல்ல மறைந்தது. ஆகவே, உங்கள் படகின் பின்தளத்தில் அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள் தென்பட்டால், உடல் நீங்கள் நினைப்பதைவிட மூத்ததாக இருக்கக்கூடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. அந்த வெண்பொடி ஈயத்தின் உப்பு, நச்சு. பழைய வண்ணப்பூச்சிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். கையுறை அணிந்து, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள். கழுவிய நீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள்.

பாலியெஸ்டர் ரெசின் வேண்டவே வேண்டாம். அது மரத்தோடு உறுதியாகப் பற்றுவதில்லை. மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும்போது போர்வை அதனோடு நகராது. உட்பக்கத்திலிருந்து ஊறும் நீர் இரண்டுக்கும் இடையே தங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும் படகை உள்ளே அழுகச் செய்துவிடும். எபாக்சி ரெசின் நன்றாகப் பற்றும் என்பது உண்மைதான். ஆயினும் விரிந்தது ஓர் ஒட்டு மட்டும் என்றால் முழு உடலையும் அதில் தோய்ப்பதற்கு நான் காரணம் எதையும் காணவில்லை. படகைச் சூடேற்றாத அறையில் சில வாரங்கள் மெதுவாக உலரவிடுங்கள். ஹீட்டர் அருகே வைத்தால் மற்ற ஒட்டுகளும் வாய் திறக்கும். பிறகு விரிசலிலுள்ள பழைய பசையை மெல்லிய அலகால் சுரண்டி எடுத்து, மரத்தூள் கலந்த எபாக்சியை உள்ளே செலுத்தி, சைக்கிள் டியூபைக் கீறிய பட்டையால் உடலைச் சுற்றிக் கட்டுங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் அதே வகை மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, பசையுடன் செருகிச் சீர்செய்யலாம். கவ்வியை வைத்து வலிந்து நெருக்கக் கூடாது. ஒரு பக்கம் மூடும்போது மறுபக்கம் பிளக்கும்.

உட்பக்கத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. டர்பன்டைன் கலந்து நீர்த்த வார்னிஷைத் திறப்பு வழியாக ஊற்றி, படகை எல்லாப் பக்கமும் மெதுவாகப் புரட்டி, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். கை நுழையாத மூலைகளுக்கும் அது போய்ச் சேரும். முன்னும் பின்னும் படகை எடைபோட்டுக் குறித்துவைத்தால் மரம் எவ்வளவு குடித்தது என்பது தெரியும்.

கயிற்றுக்கணக்கு எழுதியது:

மரவேலையைப் பற்றி மேலே உள்ளவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ரேடியோவைப் பொறுத்தவரை, மேல்தளத்தில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. இருக்கும் மூடியைக் கழற்றி பித்தளைச் சுழலோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே திறப்புக்குப் பொருந்தும்படி 3 மி.மீ. பிளைவுட்டில் புதிய மூடி ஒன்று செய்யுங்கள். விஞ்ச், சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டார், சுவிட்ச் ஆகிய அனைத்தையும் அந்த மூடியிலேயே தொங்கவிடலாம். விஞ்சின் உருளையும் சர்வோவின் கையும் மட்டும் தளத்துக்கு மேலே நிற்கும். சர்வோவிலிருந்து சுக்கான் தண்டின் தலைக்கு இரண்டு மெல்லிய டைனீமா (நீளாத செயற்கை இழை) கயிறுகளைத் தளத்தின்மேல் ஓடவிட்டால், ஒன்று இழுக்கும்போது மற்றது தளரும். உள்ளே தண்டு வளைத்துப் பொருத்தும் தொல்லையே இல்லை. நாளை யாராவது காற்றுத்தகட்டோடு ஓட்ட விரும்பினால், மூடியை மாற்றினால் போதும்.

விஞ்ச் கணக்கு இது. 800 சதுர அங்குலம் என்பது ஏறத்தாழ 0.52 சதுர மீட்டர். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 22 நியூட்டன் அழுத்தம் ஏற்படும். பாய்ப் பரப்பு முழுவதற்கும் அது ஒரு கிலோ எடைக்குச் சற்று மேல்; பாயின் வளைவால் விசை இன்னும் கூடும். காற்று இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால் விஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது மென்காற்றை அல்ல, திடீர் வீச்சையே மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது கயிற்றின் நீளம். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் கட்டையில், பாய்மரத்திலிருந்து 250 மி.மீ. தொலைவில், பாயை இழுக்கும் ஷீட் கயிற்றைக் கட்டி, பூமை ஏறத்தாழ 85 பாகைக்குத் திறக்க வேண்டுமானால், சுமார் 340 மி.மீ. கயிறு வெளியே போக வேண்டும். 38 மி.மீ. குறுக்களவுள்ள உருளை மூன்றரைச் சுற்று சுற்றினால் 418 மி.மீ. கிடைக்கும், அது தாராளம். நீண்ட கை கொண்ட சர்வோவாலும் இதைச் செய்யலாம், ஆனால் அந்தக் கை வீசுவதற்கு உங்கள் திறப்பில் இடமில்லை. முன்பாயின் பூம் சுழலும் புள்ளியிலிருந்து அதன் கயிறு கட்டப்படும் இடமும் 250 மி.மீ. தொலைவிலேயே இருக்கட்டும், அப்போது ஒரே விஞ்ச் இரண்டு பாய்களையும் ஒரே கோணத்தில் திறக்கும். கயிற்றை முடிவில்லா வளையமாகத் தளத்தின்மேல் ஓடவிட்டு, ஓர் எலாஸ்டிக் துண்டால் எப்போதும் இறுக்கமாக வையுங்கள். தளர்ந்த கயிறு உருளையில் சிக்கிக்கொள்வதுதான் விஞ்ச் படகுகளின் நிரந்தரத் தலைவலி.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் செல்லாது என்பதால் ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, மேல்தளத்தின் அடிப்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் உடல் அலையை மறைப்பதுபோல் மரம் மறைக்காது. சிக்னல் அறுந்தால் பாய்கள் முழுவதும் திறக்கும்படி ஃபெயில்சேஃபை அமையுங்கள்.

மறுகரை எழுதியது:

எல்லோரும் ‘எப்படி’ என்று விளக்கிவிட்டீர்கள். ‘ஏன்’ என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய மார்பிள்ஹெட் படகு 8 முதல் 10 கிலோ வரை எடை உள்ளது. இன்றைய ஒரு மீட்டர் வகுப்பில், அதாவது 1988இல் உருவான ஐஓஎம் வகுப்பில், படகின் குறைந்தபட்ச எடை 4 கிலோதான். சங்கங்களில் அதிகம் ஓட்டப்படுவதும் அதுவே. ஓட்டக் கற்றுக்கொள்வது நோக்கமானால், 65 செ.மீ. நீளமுள்ள டிராகன் ஃபோர்ஸ் போன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் படகை வாங்கி ஏரியில் இறக்குங்கள். மரப்படகைச் செப்பனிட்டு அதன் இயல்புப்படி காற்றுத்தகட்டோடு வைத்திருங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் கரைச்சுவரில் மோதுவது இயல்பு. அந்த மோதலை ஏற்கும் முதல் படகாக ஒரு நூலிழை ஒட்டில் நிற்கும் பழைய மரம் இருக்க வேண்டாம் என்பதே என் வாதம்.

தென்கரைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மறுகரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறு படகு ஒன்றை வாங்கி முதலில் அதில் பழகுகிறேன். ஆயினும் கழற்றக்கூடிய மூடி என்ற யோசனை என்னைப் பெரிதும் கவர்ந்துவிட்டதால் மரப்படகுக்கு அதைச் செய்வதாக முடிவெடுத்திருக்கிறேன். திறப்பை அளந்தேன்: 95 மி.மீ. நீளம், 70 மி.மீ. அகலம். பாட்டரி, ரிசீவர், விஞ்ச், சர்வோ எல்லாம் சேர்த்து அரைக் கிலோவை நெருங்கும் போலிருக்கிறது. அந்த எடையால் படகு தாழ்ந்து ஓடாதா? மேலும், சுக்கான் மிகச் சிறியதாக, கீலின் பின்பக்கத் தடுப்பை ஒட்டியே இருக்கிறது. அதைப் பெரிதாக்க வேண்டுமா?

அடுக்குப்பலகை எழுதியது:

எடையை ஊகிக்க வேண்டாம். குளிக்கும் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, பாய்மரம், பாய், சாதனங்கள் அனைத்தையும் அந்தந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். உரிந்த வண்ணத்துக்கு அடியில் பழைய நீர்மட்டக் கோடு தெரியும். இருபுறமும் அது நீரோடு ஒத்துவந்தால் சரி. சற்றுத் தாழ்ந்தால் கவலையில்லை; ஆனால் அணியமோ அமரமோ மட்டும் தாழ்ந்தால் படகு திசை பிடிக்காது. பாட்டரியே கனமானது; அதை முன்னும் பின்னும் நகர்த்திச் சமப்படுத்துங்கள். பித்தளைச் சுழலையும் தகட்டையும் எடுத்துவிடுவதால் பின்பக்கம் எடை குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈயத்தை மட்டும் சீவாதீர்கள்.

சுக்கானை இப்போதைக்குத் தொடாதீர்கள். காற்றுத்தகட்டுப் படகுகள் சுக்கானின் உதவி இல்லாமலே நேராக ஓடும்படி பாயும் உடலும் சமன்செய்யப்பட்டவை. சுக்கான் சிறிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். காற்றை எதிர்த்து ஓடும்போது கையை எடுத்ததும் அணியம் காற்றின் பக்கம் மெல்லத் திரும்பினால் சமநிலை சரி. வேகமாகத் திரும்பினால் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னோக்கிச் சாயுங்கள். காற்றை விட்டு விலகினால் பின்னோக்கி. காற்றின் மறுபக்கத்துக்குப் படகைத் திருப்பும்போது, ஐஓஎம் ஓட்டுபவர்களைப்போல் சட்டென்று வளைக்க முயன்றால் சுக்கான் தடையாகி, படகு காற்றின் முகத்திலேயே நின்றுவிடும். முதலில் நல்ல ஓட்டம் பிடிக்க வையுங்கள். பிறகு 20 அல்லது 25 பாகைக்கு மேல் போகாமல் சீராகத் திருப்புங்கள். ஒன்பது கிலோ படகுக்குள்ள உந்தம் அதைச் சுற்றிக் கொண்டுவந்துவிடும். கனமான படகில் எனக்குப் பிடித்ததே இந்தத் திருப்பந்தான்.

ஓட்டுவதற்குப் பழைய பருத்திப் பாய்களைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் வடிவத்தைத் தாளில் பதித்துக்கொண்டு டேக்ரான் என்னும் மெல்லிய பாலியெஸ்டர் துணியில் புதியவை தைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இயங்கும் விண்டேஜ் மாடல் யாட் குழுவினரிடம் கேட்டால் பழைய வடிவமைப்புகளை அடையாளம் காண உதவுவார்கள்.

மரம் தானே, எப்படியும் மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் ஈயமாக உள்ள படகில் நீர் நிறைந்தால் அது நேராக அடியில் போய்விடும். மூடியைப் பொருத்தும் முன் அணியத்திலும் அமரத்திலும் தெர்மோகோல் துண்டுகளைத் திறப்பு வழியே நுழைத்து நிரப்பிவிடுங்கள். முதல் சில ஓட்டங்களின்போது அடிக்கடி கரைக்குக் கொண்டுவந்து, பஞ்சால் உள்ளே ஒற்றிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஈரமாக இருந்தால் மூடியின் கசிவு. அடியில் மட்டும் நீர் இருந்தால் அந்த இடப்பக்க ஒட்டையோ சுக்கான் தண்டின் குழாயையோ பார்க்க வேண்டும்.