கிளைச் சிறையில் எழுத்து வகுப்பு: எப்படி ஆரம்பிக்கிறது?

ராயக்கோட்டைக்காரன்:
கிருஷ்ணகிரி கிளைச் சிறையில வாரம் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு எடுக்க மனு போடப் போறோம். 15 பேர் வரலாம், பாதிப் பேருக்கு எழுத வராது. நோட்டு, பேனா விஷயத்துல என்ன கவனிக்கணும்? முதல் நாள் என்ன எழுதச் சொல்றது?

பென்னாகரத்து வாத்தியார்:
கொண்டுபோற பொருளை எண்ணிக்கையோட மனுவிலயே எழுதிடுங்க, கேட்டுல தகராறு வராது. ஸ்பைரல் நோட்டு வேண்டாம், கம்பி இருக்கு. ஸ்டேப்ளர் பின் அடிச்சதும் அப்படித்தான். நூல்ல தைச்ச 40 பக்க நோட்டு போதும். பேனா 15 கொடுத்தா 15 திரும்பி வரணும், எல்லார் முன்னாடியும் எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சா சோதனைதான், அப்புறம் வகுப்பு நடந்த மாதிரிதான்!

அங்க பெரும்பாலும் விசாரணைக் கைதிங்க. இன்னைக்கு எழுதினவர் அடுத்த வாரம் ஜாமீன்ல போயிருப்பார். அதனால எதையும் அன்னைக்கே முடிக்கணும். வழக்கைப் பத்தி எழுதச் சொல்லவே சொல்லாதீங்க. நோட்டு யார் கைக்கும் போகும், அவருக்கே வினையாயிடும்.

அஞ்செட்டி அக்கா:
முதல் நாளே "உன் வலியை எழுது"ன்னா சினிமா வசனம்தான் வரும். களியில ஆரம்பிங்க தம்பி. வெளியூர்ல களின்னா ஜெயில், நமக்கு அது வீட்டுச் சோறு. வீட்டுல யார் களி கிண்டுவாங்க, துடுப்பு எங்க சாத்தியிருக்கும், கட்டி தட்டினா யார் திட்டுவாங்க? 10 நிமிஷம் கொடுங்க. நொய் வேகுறதை எழுதப் போய் அம்மாகிட்ட வந்து நிப்பாங்க.

எழுத வராதவர் சொல்ல, பக்கத்துல இருக்கிறவர் சொல் மாத்தாம எழுதி, உடனே வாசிச்சுக் காட்டணும். தளி, ஓசூர் ஆளுங்க தெலுங்கு, கன்னடம் கலந்து சொன்னா தமிழ் எழுத்துல அப்படியே எழுதட்டும். பிழை திருத்தாதீங்க.

ராயக்கோட்டைக்காரன்:
நன்றி அக்கா. 4 நாள், தினம் 15 நிமிஷம் மனசுல உள்ளதைக் கொட்டுற முறை ஒத்துவருமா?

பென்னாகரத்து வாத்தியார்:
அது பென்னிபேக்கர், பீல்ங்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்கள்கிட்ட செஞ்சு பார்த்து 1986ல வெளியிட்டது. எழுதின கையோட மனசு கனத்துச்சு, பலன் மாசக்கணக்குல கழிச்சுத்தான் தெரிஞ்சது. மாணவன் வெளிய போய் டீ குடிப்பான், கைதி பூட்டுற அறைக்குத்தான் போகணும். அதனால சாயங்காலம் வேண்டாம், காலையில வைங்க. கடைசி 10 நிமிஷம் விடுகதை, கூத்துப்பாட்டுன்னு போகட்டும். உயிரை மாய்ச்சுக்கப் போறதா யாராவது எழுதினா அன்னைக்கே சிறை அதிகாரிகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லணும். அப்படிச் சொல்வோம்னு முதல் வகுப்புலயே எல்லாருக்கும் தெரியப்படுத்திடுங்க.