தாத்தாவின் எண்பதுக்கு ஒரு படம்: கோவில்பட்டி வீட்டுக் குழு

வெள்ளிக்கிழமை

நான்: எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என் டேப்லெட்டில் ஒரு படம் வரைந்து, பெரிதாக அச்சிட்டுக் கோவில்பட்டிக்கு எடுத்து வரப்போகிறேன். தாத்தா இளைஞராக இருந்தபோது கேட்ட பாட்டு, பார்த்த சினிமா, விரும்பிச் சாப்பிட்ட பண்டம் மூன்றும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். நான் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

அம்மா: பாப்பா டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது புத்தகத் தமிழ். அதனால் எல்லோரும் தமிழ் எழுத்தில், முழு வாக்கியமாக எழுதுங்கள். குரல் செய்தி வேண்டாம்.

சித்தப்பா: நான் சாத்தூர் காராச்சேவைச் சொல்கிறேன்.

அத்தை: பிள்ளை முதலில் கேட்டது பாட்டை.

பெரியப்பா: கண்ணு, பாட்டு என்றால் நம் வீட்டில் அது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம்தான். அவர் 1921-இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, நம் கோவில்பட்டியிலேயே வாழ்ந்து, 1964-இல் நடுவயதிலேயே மறைந்துவிட்டார். ‘கொஞ்சும் சலங்கை’ படம் 1962-இல் வந்தபோது தாத்தாவுக்குப் பதினேழு வயது. அதில் வரும் ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டுக்கு நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சியார், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, ராகம் ஆபேரி. பி. லீலாவைப் பாட அழைத்தபோது, அந்த நாதஸ்வரத்தின் வேகத்துக்கு ஜானகியின் குரல்தான் ஈடுகொடுக்கும் என்று அவரே எஸ். ஜானகியைப் பரிந்துரைத்தார் என்று சொல்வார்கள். தனக்கு வந்த வாய்ப்பை இன்னொருவருக்குக் கைகாட்டிய அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீ அந்தப் பாட்டை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை குரலை மட்டும் கேள், இரண்டாம் முறை நாதஸ்வரத்தை மட்டும் கேள், மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, ஸ்வரங்கள் வரும் இடத்தில் எது குரல், எது குழல் என்று பிரித்துப் பார்.

சித்தப்பா: அண்ணன் தொடங்கிவிட்டார்.

பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை. அதன் பிறகு அவருடைய குருநாதர் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைக் கேட்க வேண்டும். சினிமாப் பாட்டு வாசல்படி, தோடிதான் வீடு. தாத்தாவிடம் அந்த இசைத்தட்டு இருந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடும். தட்டைத் திருப்பிப் போடும்வரை யாரும் பேசக் கூடாது என்று தாத்தா விரலை உயர்த்துவார். அந்தத் தட்டுகளெல்லாம் 1991-இல் மதுரைக்குப் போனதும், பிறகு என்ன ஆயின என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை: அண்ணா, இதை இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்? கிராமபோன் பெட்டி உடைந்தே வந்தது. வைக்க இடமில்லாத வாடகை வீட்டில் நான் என்ன செய்திருக்க முடியும்?

அம்மா: பாப்பா படித்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தை: படிக்கட்டும். பாப்பா, என் பரிந்துரை 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. அதில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நீ படம் வரைபவள் ஆகையால் கதையைவிடச் சிவாஜி கணேசனின் விரல்களையும் கன்னத்தையும் கழுத்தையும் கவனி. மூச்சை எங்கே நிறுத்தி வைக்கிறார், எங்கே விடுகிறார் என்பது முகத்திலேயே தெரியும். பக்கத்தில் தவில்காரராக வரும் டி. எஸ். பாலையா எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பார்.

பெரியப்பா: தாத்தாவுக்குப் பிடித்தது ‘கொஞ்சும் சலங்கை’.

அத்தை: பாட்டு அதில் பிடிக்கும். படம் இதுதான் பிடிக்கும். ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரியம்மா: ஆச்சியிடம் கேட்டேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்க்கப் போனபோது பெரியப்பா கைக்குழந்தையாம். நாதஸ்வரம் ஒலித்தபோதெல்லாம் அழுததால், ஆச்சி பாதிப் படத்தை வெளியே நின்றுதான் கேட்டார்களாம். உள்ளே தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தவர் தாத்தா.

சித்தப்பா: அப்படியென்றால் சினிமா முடிவாகிவிட்டது.

பெரியப்பா: முடிவாகவில்லை.

சனிக்கிழமை

பெங்களூர் அண்ணன்: பாப்பா, நேரம் குறைவாக இருந்தால் இதைப் பயன்படுத்திக்கொள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விவரம் சொன்னேன்; அரை நிமிடத்தில் வரைந்து கொடுத்துவிட்டது. (படம்)

நான்: நன்றி அண்ணா. வண்ணங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் இவர் கையில் இருப்பது நாதஸ்வரமா?

பெரியப்பா: இல்லை. அது பாண்டு வாத்தியக் குழலும் ஷெனாயும் கலந்த ஒன்று; நடுவில் பித்தளைச் சாவிகள் வேறு இருக்கின்றன. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே, மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வதற்காக இன்னும் ஐந்து துளைகள் உண்டு. உடல் ஆச்சா மரத்தில் கடைந்தது. மேலே வாயில் வைத்து ஊதும் சீவாளியும், அதைத் தாங்கும் கெண்டையும், கீழே விரிந்த அணசும் இருக்கும். காருகுறிச்சியார் வாசித்த நீளமான பாரி நாதஸ்வரத்தை, உட்கார்ந்திருப்பவர் மடிக்கு முன்னால் சாய்த்துப் பிடிக்கும்போது, அணசு தரைக்கு அருகே வரும். தம்பி அனுப்பிய படத்தில் குழல் வானத்தை நோக்கி நிற்கிறது. அரை நிமிடத்தில் வந்த படத்தைத் தாத்தா அரை நிமிடம்தான் பார்ப்பார் என்று அஞ்சுகிறேன். நீ மெதுவாகவே வரை.

பெங்களூர் அண்ணன்: உதவலாம் என்றுதான் அனுப்பினேன், அப்பா.

பெரியம்மா: அவன் அனுப்பியதில் தவறில்லை. பாப்பா, நான் எந்தப் பாட்டையும் சொல்லப்போவதில்லை. ஒரு படத்தைச் சொல்கிறேன். நம் பூஜை அறையில் வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கும் பழைய காலண்டர் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதல்லவா? அது கொண்டைய ராஜு வரைந்தது. அவர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராக வந்து, கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. இரண்டு பக்கமும் தூண், பின்னால் திரை, நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் முகம் என்று அந்தப் படங்கள் மேடையைப் போலவே இருப்பதற்கு அவருடைய நாடக அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன். தாத்தாவைச் சுற்றி நீ அப்படி ஒரு மேடையை அமைத்துப் பாரேன். (படம்)

நான்: பெரியம்மா, இதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் வரைந்தவர் நம் ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. டேப்லெட்டில் திரைக்கு ஓர் அடுக்கு, தூணுக்கு ஓர் அடுக்கு, ஆளுக்கு ஓர் அடுக்கு என்று தனித்தனியாக வரைவேன். நாடகத் திரையும் அப்படித்தானே ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கியிருக்கும்?

பெரியம்மா: ஆமாம் கண்ணு. முகத்தில் நிழலை அதிகமாகப் போடாதே. அந்தப் படத்தில் முருகன் முகத்தைப் பெரிதாக்கிப் பார். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவது போல இருக்கும்.

சித்தப்பா: இப்போதாவது பண்டத்துக்கு வரலாமா?

அத்தை: கோவில்பட்டிப் படத்தில் சாத்தூர்ச் சேவு எப்படி வரும்? கடலைமிட்டாய்தான் வர வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

சித்தப்பா: குறியீடு அரசாங்கம் கொடுத்தது. தாத்தா வேலையிலிருந்து திரும்பும்போது பையில் வாங்கி வந்தது சேவு. பூண்டும் மிளகும் மணக்கும் அந்தப் பொட்டலத்தை நான்தான் முதலில் பிரிப்பேன்.

பெரியப்பா: கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த மிட்டாயின் மேல், வண்ணம் தோய்த்த தேங்காய்த் துருவலைத் தூவியிருப்பார்கள். படத்துக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் நன்றாக இருக்கும். ஆகவே இந்த ஒன்றில் மட்டும் தங்கையின் பக்கம் நிற்கிறேன்.

பெரியம்மா: ஆச்சி இரண்டையும் மறுக்கிறார்கள். தாத்தாவுக்கு எப்போதும் பிடித்தது, புஞ்சையிலிருந்து செடியோடு பிடுங்கி வந்து, மண்ணைக் கழுவி, உப்புப் போட்டு அவித்த பச்சைக்கடலைதானாம். இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக்கொண்டு, தோலை மடியிலேயே சேர்த்துக்கொண்டு சாப்பிடுவாராம். அதை வரையச் சொல்கிறார்கள்.

நான்: ஆச்சி சொன்னதை வரைகிறேன். வானொலிப் பெட்டி இன்னும் இருக்கிறதா?

பெரியம்மா: பெட்டி இருக்கிறது, பாடாது. நாளை வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சித்தப்பா: விழாவில் இலைக்கு ஓரமாகவாவது சேவு வைக்க வேண்டும்.

அப்பா: விழா என்றதும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அன்று நாதஸ்வரம் நேரில் வாசிக்கிறார்களா, ஒலிபெருக்கியில் பாட்டைப் போடப்போகிறோமா?

பெரியப்பா: நேரில்தான் வாசிக்க வேண்டும். நேற்று ஒரு வித்வானிடம் பேசினேன். தவிலோடு சேர்த்து நான்கு பேர் வருவதாகச் சொல்கிறார்.

சித்தப்பா: மண்டபம் சிறியது. நான்கு பேரும் வாசித்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது.

பெரியப்பா: அந்த இரண்டு மணி நேரம் யாரும் பேச வேண்டியதில்லை.

அத்தை: அதைத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். அண்ணா, இன்னொன்று. தட்டுகள் எல்லாவற்றையும் நான் விற்கவில்லை. பரணில் தகரப் பெட்டிக்குள் மூன்று இருக்கின்றன. ஒன்றில் விளிம்பு உடைந்திருக்கிறது. யார் வாசித்தவை என்று எழுத்து மங்கியிருப்பதால் படிக்க முடியவில்லை. நடுவில் ஒட்டிய தாளின் நிறம் பாப்பாவின் படத்துக்கு உதவும் என்று கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: இதை அன்றே சொல்லியிருக்கலாம்.

அத்தை: சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா: துடைக்க ஈரத் துணியை அழுத்திப் பிடிக்காதே, தாள் உரிந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: முதல் ஓவியக்கோடுகள் இவை. (படம்) தாத்தா நடுவில், மடியில் கடலைத்தோல். இடது தூண் அருகே வானொலி, வலது தூண் அருகே நாதஸ்வரம். பெரியப்பா சொன்னபடி மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறையும் ஸ்வரம் வரும் இடத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை.

பெரியம்மா: நீ கேட்டாய் என்றதும் நானும் அடுக்களையில் அந்தப் பாட்டைப் போட்டேன். தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, முடியும்வரை நிலைப்படியில் நின்றார். யார் கேட்கச் சொன்னார்கள் என்று விசாரித்தார்; நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா: கோடுகள் நன்றாக இருக்கின்றன. துளைகளை எண்ணினேன், சரியாக இருக்கின்றன. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நாதஸ்வரத்தின் மேற்பகுதியில் ஒரு நூலில் மாற்றுச் சீவாளிகளும், சீவாளியைச் சரிசெய்யும் ஊசியும் கொத்தாகத் தொங்கும். அதையும் சேர்த்துவிடு. தாத்தா முதலில் அதைத்தான் தேடுவார்.

நான்: எத்தனை சீவாளிகள் வரையட்டும், பெரியப்பா?

பெரியப்பா: மதுரைப் பேருந்தில் இருக்கிறேன். இறங்கியதும் வித்வானிடம் கேட்டுச் சொல்கிறேன்.