‘போன வாரம் என்ன நடந்தது?’: மூளை ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போனவர்கள் சொல்லுங்கள்

சாவிக்கொத்து

அம்மாவுக்கு 71 வயதில் மறதி ஆரம்பித்தது. எனக்கு இப்போது 58. சாவியை வைத்த இடம் மறந்தாலே வயிற்றுக்குள் பகீரென்கிறது. அதனால்தான், ஆரோக்கியமாக இருப்பவர்களின் மூளையை வருடக்கணக்கில் கவனிக்கும் ஓர் ஆய்வுக்கு ஆள் தேவை என்றதும் பெயர் கொடுத்தேன். மருந்து மாத்திரை கிடையாது. பார்ப்பார்கள், அளப்பார்கள், அவ்வப்போது மறுபடி கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வர வேண்டும். துணைக்குத்தானே என்று மனைவியை அழைத்துப் போனேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் முழுக்கக் காகிதம்தான். ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார் ஒரு பெண். முடித்துவிட்டு, “இப்போ நீங்க என்ன புரிஞ்சுகிட்டீங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க சார்” என்றார். “எனக்கு மறதி வருமா வராதான்னு கண்டுபிடிச்சுச் சொல்லப் போறீங்க” என்றேன். கையில் இருந்த பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். “அது இந்த ஆய்வோட வேலை இல்லை சார். அதுக்காக வந்திருந்தீங்கன்னா இப்பவே யோசிச்சுக்குங்க.” முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அன்று எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பேச்சு அதுதான்.

அப்புறம் சோதனைகள். 15 சொற்களை வாசிப்பார்கள், நினைவிருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் ஐந்து முறை. ஐந்தாவது தடவை 13 சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன். உடனே வேறு 15 சொற்கள் கொண்ட இன்னொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்பிவிட்டு, “இப்ப முதல் பட்டியலைச் சொல்லுங்க” என்றார்கள். நெஞ்சு பழைய இடத்துக்கே போய்விட்டது.

கடிகாரம் வரையச் சொன்னார்கள், முள் 11 மணி 10 நிமிடத்தில் நிற்க வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் கை தானாக 10 என்ற எண்ணை நோக்கிப் போகிறது. அதை அடக்கி 2க்குக் கொண்டுபோவதுதான் சோதனையே. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள் என்று கேட்டபோது முதல் இருபது விநாடி காட்டாறு. பிறகு தண்ணீர் வற்றிப்போய், பூனையை மூன்று தடவை சொன்னேன்.

இதெல்லாம் நடக்கும்போது மனைவி பக்கத்து அறையில் இருந்தாள். அவளிடமும் ஒருவர் தனியாக முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். அது முடிந்ததும் அதே நபர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“போன வாரம் உங்க வீட்டுல ஒரு முக்கியமான விஷயம் நடந்ததாமே. அது என்னன்னு சொல்ல முடியுமா?”

முக்கியமான விஷயமா? ஒன்றும் தோன்றவில்லை.

“ஒரு போன் வந்ததாம்.”

அப்போதுதான் நினைவு வந்தது. மகள் சனிக்கிழமை அழைத்தாள். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். அதுவரை சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு? யார் முதலில் பேசியது? ஏன் விட நினைக்கிறாள்? என்ன முடிவானது? ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் முகம் கோணாமல் எழுதிக்கொண்டார். அந்தத் தாளில் மேலே மனைவி சொன்ன பதில்கள் ஏற்கனவே இருந்தன. தலைகீழாகப் படித்த ஒரு வரி: ‘திங்கள் பேசுகிறேன் என்றார். பேசவில்லை.’

திரும்பி வரும்போது, “என்ன சொன்னே?” என்றேன்.

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

மறதியா, காது கொடுக்கவே இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

மழைக்காகம்

அண்ணே, படிக்கும்போதே வியர்த்துவிட்டது. என் கணவரைக் கூட்டிப் போயிருந்தால் அவருக்கும் ஒன்றும் நினைவிருந்திருக்காது, சரிக்குச் சரி!

நான் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்த ஆய்வில் இருந்தேன். இதைக் கேட்டால் எல்லாரும் ஓடுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை வயிற்றோடு ஒட்டிச் சுருண்டுகொள்ள வேண்டும். டாக்டர் கட்டைவிரலால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணினார். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் கணுக்களுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போகிறது. ‘தண்டுவடத்தில் குத்திவிடுவார்களோ’ என்ற பயம் எனக்கு அங்கேயே போய்விட்டது. மரத்துப்போக வைக்கும் ஊசிதான் சுருக்கென்று இருந்தது. பெரிய ஊசி வெறும் அழுத்தம்.

நீரை உறிஞ்சி எடுக்கவில்லை, தானாகச் சொட்டியது. பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது, நான் மஞ்சளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதைப் பிடிக்கும் குழாய்கூட ஒரு குறிப்பிட்ட வகை பிளாஸ்டிக். கண்ணாடி என்றால், அல்சைமர் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கு குறைந்துவிடுமாம். எடுத்த நீர் குறைந்து போகாதா என்று கேட்டேன். மொத்தம் சுமார் 150 மில்லிதான் உடம்பில் இருக்கும், ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது என்றார்கள். சில மணி நேரத்தில் ஈடாகிவிடும்.

ஆனால் தலைவலி! எல்லாருக்கும் வராதாம், எனக்கு வந்தது. படுத்தால் சுத்தமாக இல்லை. எழுந்து உட்கார்ந்தால் யாரோ பின்மண்டையைப் பிடித்துக் கீழே இழுப்பது போல. இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இப்போது ரத்தத்திலேயே இந்தப் புரதங்களைப் பார்க்கிறார்கள், 2025 மே மாதம் அமெரிக்காவில் அப்படி ஒரு பரிசோதனைக்கு அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஓரத்து நாற்காலி

ஒரு மருந்து சோதனைக்காக மூன்று தடவை போனேன். ரத்தம், எழுத்துச் சோதனை, எம்ஆர்ஐ எல்லாம் முடிந்த பிறகு, நான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதால் சேர்க்க முடியாது என்றார்கள். முதல் நாள் கொடுத்த பட்டியலிலேயே அந்த மாத்திரையின் பெயரை எழுதியிருந்தேன். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கிரீன் ஃபெயில்’. 66 வயதில் ஃபெயில்.

இருபத்துநாலு

நான் படிக்கும்போது சும்மா ஒப்பீட்டுக்காக எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்தவன். தலையைச் சுற்றி ஒரு கூண்டு, கையில் அமுக்குவதற்கு ரப்பர் பந்து, காதில் அடைப்பான். அதையும் மீறி டமடமவென்று தகரத்தில் அடிக்கும் சத்தம். அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன், அதற்கு ஒரு திட்டு.

பத்து நாள் கழித்து ஒரு போன். “படத்தில் ஒன்று தெரிகிறது, ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.” அவரைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. பிறவியிலேயே வந்த நீர்க்கட்டி, ஒன்றும் செய்யாது என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அந்த மூன்று வாரம் நான் தூங்கவில்லை. எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் தெரிவிக்கலாமா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. படிக்காமல் டிக் அடித்திருந்தேன்.

பாதி நிலா

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். ஆரம்பநிலை அல்சைமர் என்று உறுதியான பிறகு ஒரு மருந்து சோதனையில் சேர்த்தோம். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை சொட்டு ஏறும்போதும் பையைப் பார்ப்பேன், நிறத்தில் ஏதாவது தெரியுமா என்று. தெரியாது.

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. “நான் வேலைக்குப் போறேன்” என்பார். சட்டையை அவரே எடுத்து வைப்பார். அங்கிருந்த நர்ஸ் அவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டு, முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் திரும்புவார். வீட்டில் நாங்கள்கூட அப்படிச் செய்வதை நிறுத்தியிருந்தோம்.

ஒன்றரை வருடத்தில் சோதனை பாதியில் நின்றது. பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதை நான் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் கடிதம் பதினோரு நாள் கழித்து வந்தது. அப்பா அடுத்த புதன்கிழமைக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தார். அவருக்குப் பிளாசிபோதான் கிடைத்தது என்பது அதற்கும் ஏழு மாதம் கழித்து, நான் மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு தெரிந்தது. வெறும் உப்புத் தண்ணீருக்காகவா அவ்வளவு தூரம் அலைந்தோம் என்று இருந்தது. இன்னும் இருக்கிறது.

படிவக்காரி

நான் இந்தப் பக்கத்து ஆள், ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் இருக்கிறேன். யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

பாதி நிலா, அந்தப் பதினோரு நாளுக்குச் சமாதானம் கிடையாது. உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிளாசிபோ பற்றி மட்டும் ஒன்று. 2010இல் ஸெமகாசெஸ்டாட் என்ற மருந்தின் சோதனையை நிறுத்தினார்கள். அதில் பிளாசிபோ எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்கள்தான் மோசமானார்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் போயிருந்தால் அதை நோயின் கணக்கில் எழுதிவிட்டு அந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்திருப்போம். உங்கள் அப்பா வேலைக்குப் போகிறேன் என்றது சரிதான்.

ஓரத்து நாற்காலி ஐயா, முதல் நாளே அந்தப் பட்டியலைப் பார்க்காதது எங்கள் சோம்பல், மன்னிக்கவும். காரணத்தையாவது சொல்லியிருக்க வேண்டும். அமிலாய்டை அகற்றும் மருந்துகளில் மூளை வீங்கலாம், சிறு ரத்தக்கசிவும் வரலாம். அவற்றில் ஒன்றான லெகனெமாபின் சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயில் வீக்கம் தெரிந்தது, பிளாசிபோவில் 1.7. பெரும்பாலானவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குக் கசிவு வந்தால் விஷயமே வேறு. ஃபெயில் என்ற சொல்லை எனக்கும் பிடிக்காது.

சாவிக்கொத்து சார் சொன்ன அந்தப் பேட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் யாருக்கும் தெரிவதில்லை. கூட வருபவர் துணைக்கு வருபவர் இல்லை. அவர்தான் அளவுகோல். வீட்டில் நடந்த ஒன்றை அவரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு உங்களிடம் கேட்டு ஒப்பிடுவோம். நினைவு, தீர்மானம், வெளிவேலை, வீட்டுவேலை என்று ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3. மொத்தம் 18. புள்ளி கூடக்கூட நிலைமை மோசம் என்று அர்த்தம். லெகனெமாப் சரிவை 27 சதவீதம் குறைத்தது என்று 2022இல் செய்தி வந்ததே, அது இந்த 18இல்தான். 1,795 பேர், 18 மாதம். பிளாசிபோ எடுத்தவர்கள் 1.66 புள்ளி மோசமானார்கள், மருந்து எடுத்தவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. அதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, இதற்கா இவ்வளவு என்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் அந்த 0.45க்குள் ஆயிரத்துச் சொச்சம் மனைவிகளும் மகன்களும் மகள்களும் பக்கத்து அறையில் உட்கார்ந்து சொன்ன பதில்கள் இருக்கின்றன.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்து சோதனை என்றால் பதிவு எண் கேளுங்கள். அமெரிக்கப் பதிவேட்டில் இருந்தால் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். முடிந்த பிறகு எனக்கு எது கிடைத்தது என்று யார், எப்போது சொல்வார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நடுவில் விலக நினைத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போனை எடுத்து ‘வரவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தேடிக்கொண்டே இருப்போம்.

பாதி நிலா

நன்றி அக்கா. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. “சம்பளம் போடலையே” என்றார்.

சாவிக்கொத்து

அளவுகோல் என்றதைப் படித்ததிலிருந்து மனைவியைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறேன்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று இரவே மகளுக்குப் போன் போட்டேன். வேலையை அவள் ஏற்கனவே விட்டிருந்தாள். திங்கட்கிழமை நான் பேசுவேன் என்று காத்திருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்தாளாம். கோபப்படவில்லை. “அம்மா சொன்னாங்க, உங்களுக்கு ஏதோ டெஸ்ட்டாமே” என்றாள்.

இரண்டாவது சுற்றுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் முழுக்க வீட்டில் நடப்பதை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன், யார் போன் செய்தார்கள், என்ன பேசினார்கள், எத்தனை மணி. நேற்று மனைவி அதைப் பார்த்துவிட்டாள். புரட்டிப் படித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

“இதுல இல்லாத ஒண்ணைத்தான் சொல்லப் போறேன்” என்றாள்.