வரிப் பணம் திரும்ப வருவதாக வந்த மின்னஞ்சல்

செந்தூல்வாசி:
வணக்கம். வருமான வரியில் 1,280 ரிங்கிட் திரும்பக் கிடைக்கவிருப்பதாகவும், இன்றிரவுக்குள் இணைப்பைத் திறந்து உறுதிப்படுத்த வேண்டும் என்றும் பணி ஓய்வு பெற்ற என் தந்தைக்கு மின்னஞ்சல் வந்தது. வரி வாரியத்தின் சின்னத்தையும் பிழையற்ற மலாயையும் கண்டு நம்பிய அவர், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகே சந்தேகப்பட்டு என்னை அழைத்தார். பணம் இன்னும் போகவில்லை. இப்போது என்ன செய்வது? இத்தகைய அஞ்சல்களை இனி எப்படி அடையாளம் காண்பது?

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர்:
முதலில் வங்கியை அழைத்து இணையவழிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்தில் பாருங்கள், அந்த மின்னஞ்சலில் தேடாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022இல் அந்த எண் வந்ததற்குக் காரணமே, திருடிய பணம் கழுதைக் கணக்குகளில் (மோசடிக்காரர்கள் பணத்தைக் கடத்தப் பயன்படுத்தும் பிறர் கணக்குகளில்) அடுத்தடுத்துக் கைமாறிவிடுவதற்குள் மறிக்க வேண்டும் என்பதுதான்.

மொழிப்பிழையை வைத்து மோசடியைக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. இப்போது அவர்கள் நம் அலுவலகச் சுற்றறிக்கைகளைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். இணைப்பின் முகவரியில் ‘https://’ என்பதை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முந்தைய பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். வாரியத்தின் முகவரியான ‘ஹசில்.கவ்.எம்ஒய்’ (hasil.gov.my) என்று தொடங்கி, அதன்பின் வேறொரு பெயரும் ‘.காம்’ என்பதும் தொடர்ந்தால் அது வாரியத்தின் தளமன்று. முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருப்பதால் மட்டும் தளம் உண்மையானதாகிவிடாது. மேலும், மிகுதியாகக் கட்டிய வரி, நாம் வாரியத்திடம் பதிந்த வங்கிக் கணக்கிலேயே வரவாகும். அதற்கு யாரிடமும் கடவுச்சொல் கொடுக்கத் தேவையில்லை.

பட்டர்வொர்த் வியாபாரி:
கணக்காளர் ஐயா சொன்னது சரியே. ஆயினும் முகவரி சரியாக இருந்தும் நான் ஏமாந்தேன். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே புகுந்த ஒருவன், வழக்கமான விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தான். மோசடிப் புகாருக்கு உள்ளான கணக்கு எண்களைக் காட்டும் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த எண்ணைத் தேடினேன், புகார் எதுவும் இல்லை. யாரும் அதுவரை புகார் செய்யாத கணக்கு அங்கே எப்படித் தெரியும்? அன்றிலிருந்து, கணக்கு எண் மாறியதாக யார் எழுதினாலும், எங்கள் பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்து, பழகிய குரலில் கேட்ட பிறகே பணம் செலுத்துகிறோம்.

செந்தூல்வாசி:
இருவருக்கும் நன்றி. வங்கி கணக்கை முடக்கிவிட்டது. மின்னஞ்சலுக்கும் அப்பா அதே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தாராம். இப்போது அதை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.