மறுமொழி: படிவுத் தொட்டியா, அடையல் தாங்கியா?

> இங்கே பலரும் 'படிவுத் தொட்டி' என்றே எழுதுகிறோம். 'அடையல்' என்றால் குழாய் அடைத்துக்கொண்ட மாதிரிக் கேட்கிறது. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் அண்ணா,

தண்ணீர் சுத்திகரிப்புக் கையேட்டில், கலங்கல் தண்ணீரிலுள்ள துகள்களை அடியில் இறங்கவிடும் அமைப்புக்கு (sedimentation tank) எந்தப் பெயரைப் போடுவது என்பதுதானே பேச்சு. 'அடையல்' புதுச்சொல் இல்லை. தமிழ்நாட்டில் நீங்கள் படிவுப் பாறை என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் அடையற் பாறை என்றுதான் படித்தோம். தாங்கியும் அப்படித்தான், யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு மேலே வைக்கிற தண்ணீர்த் தாங்கியை ஒருவரும் தொட்டி என்று சொல்வதில்லை, தொட்டி என்றால் கிணற்றடியில் கட்டி வைத்திருக்கிற, மேலே திறந்த சங்கதி. அப்படியென்றால் மேலே திறந்துகிடக்கும் இந்த அமைப்புக்குத் தொட்டிதானே பொருத்தம் என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள், தொட்டிக்காக நான் சண்டைக்கு வரமாட்டேன்.

'படிவு' விஷயத்தில்தான் எனக்கு இடிக்கிறது. குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. இங்கே படிவு என்றால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடித்து, சுரண்டினாலும் லேசில் போகாத அதுதான் ஞாபகம் வரும். அது தண்ணீரில் கரைந்திருந்து சூடாக்கியதும் வெளியே வந்தது. நாம் பேசும் தாங்கியில் விழுவதோ முதலிலிருந்தே கரையாமல் மிதந்துகொண்டிருந்த களிமண்ணும் பாசியும். இந்த வேறுபாடு விளங்காவிட்டால், தண்ணீரை நிறுத்தி வைத்தால் வன்மை போய்விடுமா, தோட்டத்துப் பசளையிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்று போய்விடுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எத்தனை நாள் வைத்தாலும் நைத்திரேற்று அடையாது.

அடுத்தது, இது தண்ணீரைச் சும்மா 'வைத்திருக்கிற' தாங்கியும் இல்லை. 0.01 மில்லிமீற்றர் வண்டல் துகள் ஒன்று அசையாத தண்ணீரில் 3 மீற்றர் இறங்க ஏறக்குறைய 9 மணித்தியாலம் எடுக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகளுக்கு நூறு மடங்கு நேரம் வேண்டும், அதாவது ஒரு மாதத்துக்கு மேல். விட்டத்தின் வர்க்கத்தோடு வேகம் மாறுவதால் வருகிற வினை இது. ஆகவே முதலில் படிகாரம் போட்டுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்க வேண்டும். களிமண் துகள்கள் எல்லாம் எதிர் மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், படிகாரம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. முதலில் விரைவாகக் கலக்கிவிட்டு, பிறகு மெதுவாகக் கிளறிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரிகிற பொருக்குகளாகத் திரளும். கலங்கல் தண்ணீர் ஊற்றுமுன் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்தார்களே, அதுவும் இந்த வேலைதான். அந்தப் பொருக்குக்குத் 'திரள்' என்ற சொல்லே போதும், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, எனக்கு உண்மையில் தலையிடி தருவது தாங்கியின் பெயர் அல்ல, 'ஓவர்புளோ ரேட்' (overflow rate), அதாவது நாளொன்றுக்கு வரும் தண்ணீரைத் தாங்கியின் தரைப்பரப்பால் வகுத்தால் வருவது. இந்த இழையில் 'வழிதல் வீதம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டதும், கடைசியில் பல்லுப் பல்லாக வெட்டிய தகட்டின் மேலால் தண்ணீர் வழிகிறதே, அதைத்தான் நினைப்போம். அந்தத் தகட்டின் ஒரு மீற்றர் நீளத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வழிகிறது என்பது வேறொரு கணக்கு, அதுவும் வடிவமைப்பில் வரும். இரண்டுக்கும் 'வழிதல்' போட்டால் பரீட்சையில் பெடியள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 6,000 கனமீற்றர் தண்ணீர், தாங்கியின் தரைப்பரப்பு 200 சதுர மீற்றர். வகுத்தால் நாளுக்கு 30 மீற்றர், மணிக்கு 1.25 மீற்றர். வெறும் வேகம்தான் இது. இதைவிட வேகமாக இறங்கும் திரள் பிடிபடும், மெதுவாக இறங்குவதில் ஒரு பங்கு தப்பிவிடும். ஆழம் 3 மீற்றர் என்றால் தண்ணீர் உள்ளே நிற்பது 2.4 மணித்தியாலம். ஆழத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகும், ஆனால் திரள் விழவேண்டிய தூரமும் பாதிதான், அதே 1.25தான் திரும்பவும் வரும். ஆழத்தில் இல்லை, பரப்பில்தான் எல்லாம். அமெரிக்கப் பொறியியலாளர் அலன் ஹேசன் இதை 1904இலேயே எழுதிவிட்டார். இப்போது 60 பாகை சரிவில் குழாய்களை அடுக்கி, அதே இடத்துக்குள் பரப்பைப் பெருக்குவதும் இந்தக் கணக்கை நம்பித்தான். கணக்கு அமைதியான தண்ணீருக்கு என்பதையும் சொல்லவேண்டும். ஆழம் மிகக் குறைந்தால் ஓட்டம் அடியில் கிடக்கும் சேற்றைக் கிளப்பிவிடும். உள்ளே வரும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் அடியால் ஓடிக் குறுக்கே போய்விடும். வரும் தண்ணீரை அகலம் முழுக்கச் சமமாகப் பரப்பத்தான் நுழைவாயிலில் துளைத்த சுவர் வைக்கிறார்கள்.

> ஓவர்புளோ ரேட்டுக்கு 'எழுவேகம்' எப்படி? திரள் விழுகிறது, நீர் எழுகிறது. இரண்டும் போட்டி.

சொல் அழகுதான். நடுவிலிருந்து தண்ணீர் மேலே வரும் வட்டத் தாங்கிக்கு அச்சொட்டாகப் பொருந்தும். நீள்சதுரத் தாங்கியில் தண்ணீர் கிடையாக ஓடுகிறது, அங்கே எழுவது எது என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம். நான் முன்வைப்பது 'வரம்பு வேகம்'. வயல் வரம்பு தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இங்கே வேகம் என்றால் உங்கள் திசைவேகம், அதையும் கவனியுங்கள்.

———

> நான் முன்வைப்பது 'வரம்பு வேகம்'.

தம்பி, கேத்தில் கதையில் படிவை விட்டுவிட்டேன். ஆனால் 'அடையல் தொட்டி', தாங்கி வேண்டாம், எங்கள் ஊரில் தாங்கி என்றால் எதையோ தாங்கிப் பிடிக்கிற கம்பி. வரம்பு வேகம் பிடித்திருக்கிறது, ஒரே பயம், 'வேக வரம்பு' என்று திருப்பிப் படித்துவிட்டுச் சாலைப் பலகையை நினைப்பார்கள்.

———

அண்ணா, திருப்பிப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும். கையேட்டில் 'அடையல் தொட்டி' என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'தாங்கி' என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். வரம்பு வேகத்தை 'வரம்பு வீழ்வேகம்' என்று நீட்டினால் சாலைப் பலகை வராது, ஆனால் நாலு தரம் சொல்ல வாய் நோகும். அட்டவணைத் தலைப்பில் நீளமானது, பாடத்துக்குள் குட்டையானது, ஒத்துக்கொள்வீர்களா? அப்புறம் அடியில் சுரண்டி எடுக்கிற சாமானுக்குச் 'சேறு' போதும் என்கிறேன், 'கசடு' என்று யாரோ எழுதியிருந்தார்கள், அவர் காரணம் சொல்லட்டும்.