காத்தில ஓடுற எஞ்சின் நீராவியில இறுகி நிக்குது: என்ன செய்யலாம்?

சில்லுப்பித்தன்

வணக்கம். நான் செய்த ஆடுற சிலிண்டர் நீராவி எஞ்சின் ஒண்டு: சிலிண்டரே ஒரு ஊசியில ஆடி, தன்ர துளையை முன்னால இருக்கிற முகத்தட்டின்ர உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் மாறி மாறிக் காட்டும். ஒரு பக்கம் மட்டும் நீராவி தள்ளுற வகை. சிலிண்டர் பித்தளை, உள்விட்டம் 10 மி.மீ. பிஸ்ரன் அலுமினியம், 10 மி.மீ நீளம், ஓடுற தூரம் 16 மி.மீ. சிலிண்டர் ஆடுற ஊசியில இருந்து கிராங்க் தண்டு 40 மி.மீ. துளைகள் ஊசிக்கு 12 மி.மீ மேல, 2 மி.மீ விட்டம். பொயிலர், ஏசி பூட்டுறவையிட்ட வாங்கின 1⅛ அங்குலச் செப்புக் குழாய், 100 மி.மீ நீளம், இரண்டு முனையிலயும் செப்புத் தட்டு வைச்சு ஈயப்பத்தால (ஈயத்தை உருக்கி) ஒட்டினது. கீழ ஸ்பிரிட் விளக்கு. பொயிலருக்கும் எஞ்சினுக்கும் இடையில ஃபிரிட்ஜ் கப்பிலரிக் குழாய் (மிக மெல்லிய துவாரமுள்ளது).

கொம்பிறெசர் காத்தில 0.5 பார் அமுக்கத்துக்கே நல்லாச் சுத்துது. பொயிலரில பூட்டினா நாலைஞ்சு சுத்து, தண்ணி துப்புது, நிண்டிடுது. அந்த நேரம் கையாலையும் சுத்த ஏலாது. ஆறினாப்பிறகு பழையபடி லேசாகுது. துளையை 2.5 மி.மீ ஆக்கினாச் சரிவருமோ?

கடைசல்பட்டறை

துளையில கை வைக்காதேங்கோ. உங்கட அளவுகள் சரி. கிராங்க் ஆரை ஓடுற தூரத்தில பாதி, 8, அதை 40 ஆல பிரிச்சா 0.2. துளை ஊசிக்கு 12 மி.மீ மேல எண்டபடியா அது இடம் வலம் நகருறது 2.4 மி.மீ. துளையின்ர விட்டம் இந்த 2.4 ஐத் தாண்டக்கூடாது. 2 மி.மீ எண்டா நடுவில நிக்கேக்க இரண்டு வாசலும் மூடிக்கிடக்கும். 2.5 ஆக்கினா உள்வாசலும் வெளிவாசலும் ஒரு கணம் ஒண்டோடொண்டு தொடுத்து, நீராவி வேலை செய்யாமலே வெளியில போகும். கொம்பிறெசருக்கு அது தெரியாது, காத்து வந்துகொண்டே இருக்கும். உங்கட பொயிலருக்கு அப்பிடி இல்லை.

இறுகிறதுக்கு இரண்டு காரணம், இரண்டும் சேர்ந்தே நடக்குது.

ஒண்டு தண்ணி. குளிர்ந்த பித்தளையில பட்ட நீராவி உடன தண்ணியாகும். பிஸ்ரன் மேல வந்து நிக்கேக்க அதுக்கும் மூடிக்கும் இடையில 2 மி.மீ விட்டிருந்தா, அந்த இடைவெளி 0.16 மி.லீ தான். மூண்டு துளி தண்ணி காணும் நிரம்ப. தண்ணி அமுங்காது, அதால சில்லு நிக்கும். பெரிய எஞ்சினிலயும் இதே சங்கதிதான். 1905 இல கொழும்புப் பாதையோட யாழ்ப்பாணம் இணைஞ்ச பிறகு இங்க வந்துபோன நீராவி எஞ்சினுகள் வெளிக்கிடேக்க முன்சில்லுக்குப் பக்கத்தால வெள்ளையாச் சீறும். சிலிண்டரில தேங்கின தண்ணியை வெளியேத்திற வால்வை சாரதி திறந்து விடுறது அது. ஆடுற சிலிண்டருக்கு அந்த வால்வு தேவையில்லை. தண்ணி முட்டினா சிலிண்டரே முகத்தட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பி விட்டுவிடும். ஆனா ஸ்பிறிங்கை இறுக்கி வைச்சிருந்தா எழும்பாது. 1 பாரில 2 மி.மீ துளையால தள்ளுற விசை ஏறக்குறைய 32 கிராம் பாரம் மட்டும்தான், அதுக்கு முரட்டு ஸ்பிறிங் என்னத்துக்கு? இரண்டு விரலால சிலிண்டரை லேசா இழுத்தா எழும்பவேணும்.

மற்றது அலுமினியம். பிஸ்ரன் 30 பாகையில இருந்து 120 க்குப் போனா 10 மி.மீ விட்டம் ஏறக்குறைய 0.021 மி.மீ பெருக்கும். சிலிண்டர் வெளிக்காத்தில ஆறிக்கொண்டிருக்கிறதால 80 பாகைதான் எண்டு வைச்சா, அது விரியிறது 0.0095. நீங்கள் வழுவழுப்பா, 0.01 இடைவெளியில கடைஞ்சிருந்தா அது முழுக்கப் போச்சு. ஆறினா லேசாகிறது இதாலதான்.

செப்புக்குழாய்

எஞ்சினுக்கு முதல் பொயிலரைப் பாருங்கோ தம்பி. ஈயப்பத்து 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். 2 பார் நீராவி 134 பாகை அளவுதான், அப்ப பிழையில்லையே எண்டு தோன்றும். தண்ணி வத்தின உடன செம்பு அந்தக் கணக்கில நிக்காது, முனைத்தட்டு கழண்டு பறக்கும். 183 க்குக் கீழையும் சூடேற ஏற ஈயத்தின்ர பலம் விழுந்துகொண்டே போகும். முனைகளை வெள்ளிப் பத்தால ஒட்டவேணும். 55 வீத வெள்ளிக் கம்பி 630–660 பாகையில உருகும், காட்மியம் இல்லாததாப் பார்த்து வாங்குங்கோ. பழைய ஈயம் ஒரு பொட்டும் மிஞ்சக்கூடாது, அது செம்பைத் தின்னும். அதால புதுக் குழாய்த் துண்டில தொடங்கிறதுதான் நல்லம்.

கஸ்தூரியார் வீதியில நகை செய்யிறவையிட்டக் குடுக்க நினைப்பியள். அவையின்ர கை சுத்தம், ஆனா நகைக்குப் பிடிக்கிற சுவாலை இதுக்குக் காணாது, செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு போயிடும். ஏசி வேலை செய்யிறவையிட்டப் பெரிய ரோர்ச் இருக்கு. அவை பாவிக்கிற பொசுபரசு கலந்த செப்புக் கம்பியும் செம்போட செம்புக்கு ஓகே. ஸ்பிரிட்டில எரிக்கிறபடியா பயமில்லை, கரி எரிச்சா கந்தகப் புகை அந்த மூட்டை அரிக்கும். வால்வு பூட்டுற புஷ் (வளையம்) வெண்கலமா இருக்கட்டும், அதுக்கு வெண்காரம் போட்டே ஒட்டவேணும். பித்தளை புஷ் போட்டா அதில இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு போய் நாளடைவில பொருபொருத்துப் போகும்.

ஒட்டின பிறகு தண்ணியால சோதனை. உள்ளுக்குக் காத்துக் குமிழி இல்லாமல் நிரப்பி, கைப்பம்பால 3 பார் ஏத்தி 10 நிமிசம் கேஜைப் பாருங்கோ. அது 1.5 பாரில ஓட்டுறதுக்கு. கொம்பிறெசரால சோதிக்கவே கூடாது. தண்ணி எண்டா மூடு விட்டாக் கசியும், காத்து எண்டா வெடிக்கும்.

பாதுகாப்பு வால்வைப் பற்றி நீங்கள் ஒண்டும் எழுதேல்லை. அது இல்லாமல் விளக்குப் பத்தவேண்டாம். 3 மி.மீ துளைக்கு மேல 4 மி.மீ துருப்பிடிக்காத குண்டு, மேல ஸ்பிறிங். 1.5 பாருக்கு அந்தக் குண்டில விழவேண்டிய பாரம் 108 கிராம். சமையல் தராசில அமத்திப் பார்த்தே கிட்டத்தட்டச் சரிக்கட்டலாம், பிறகு கேஜோட ஒத்துப்பாருங்கோ.

சில்லுப்பித்தன்

நன்றி அண்ணை, பொயிலரைப் புதுசாச் செய்யிறன். முகத்தட்டில மாக்கர் பேனையால பூசிப் போட்டு சிலிண்டரை ஆட்டிப் பார்த்தன். ஒரு ஓரத்தில மட்டும்தான் மை அழிஞ்சிருக்கு. ஸ்பிறிங்கை இறுக்கினபடியாத்தான் இவ்வளவு நாளும் காத்து ஒழுகாமல் இருந்திருக்கு. எதை முதல் செய்யிறது?

கடைசல்பட்டறை

முகத்தைத்தான். ஓரத்தில மட்டும் அழியுது எண்டா, ஊசி செங்குத்தா இல்லை, அல்லது முகம் குவிஞ்சிருக்கு. ஊசியைக் கழட்டிப்போட்டு, தடிப்பான கண்ணாடியில 400, 800, 1200 மண்கடதாசியை நனைச்சு வைச்சு, எட்டுப் போட்டுத் தேய்க்கோணும். ஒவ்வொரு தாளுக்கும் மாக்கர் பூசிப் பாருங்கோ. மை முழுக்க ஒரேயடியா அழிஞ்சாத்தான் அடுத்த தாள். ஊசி சரிஞ்சிருந்தா தேய்ச்சுப் பிரயோசனமில்லை, துளையைப் புஷ் போட்டு அடைச்சுத் திரும்பத் துளைக்கோணும்.

பிறகு பிஸ்ரன். பித்தளைக்குள்ள வார்ப்பிரும்பு அல்லது வெண்கலம் நல்லம். இருக்கிற அலுமினியத்தையே வைச்சிருக்க விருப்பமெண்டா விட்டத்தை 0.04 குறைச்சு, நடுவில 1.5 மி.மீ அகல, 1 மி.மீ ஆழக் காடி வெட்டி, ரெஃப்லோன் ரேப்பை நூலா முறுக்கிச் சுத்துங்கோ. சொந்தப் பாரத்தில மெதுவா இறங்கவேணும், விழவும் கூடாது, நிக்கவும் கூடாது. பொயிலரைத் தொடமுதல் வாயால ஊதிப் பாருங்கோ. வாயூதலுக்குச் சுத்தாத எஞ்சினுக்கு நீராவி குடுக்கிறது வீண்வேலை.

கப்பிலரியைத் தூக்கி எறியுங்கோ. 3/16 அங்குலச் செப்புக் குழாய், எவ்வளவு கட்டையா ஏலுமோ அவ்வளவு கட்டையா. பொயிலருக்குக் கீழ சுவாலைக்குள்ளால ஒருக்கா வளைச்சுக் கொண்டுபோனா நீராவி காய்ஞ்சு வரும். மிச்சத்துக்குப் பருத்தி நூல் சுத்துங்கோ. ஒயில் எண்டா நீராவி சிலிண்டருக்கான 460 தர ஒயில். தையல் மெஷின் ஒயிலைச் சூடான தண்ணி கழுவிப்போடும். நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் சூட்டில பிசினாகும்.

செப்புக்குழாய்

தண்ணியையும் சொல்லோணும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள பாத்தா விளங்கும். மழைத்தண்ணியை வடிச்சுப் பாவியுங்கோ. ஏற்கனவே படிஞ்சிருந்தா தேசிக்காய்ப்புளியை ஒரு இரவு விட்டு அலசலாம்.

உங்கட பொயிலர் ஏறக்குறைய 50 மி.லீ கொள்ளும், 35 க்கு மேல விடாதேங்கோ. மேல இடமில்லாட்டிக் கொதிக்கிற தண்ணியே குழாய்க்குள்ள ஏறும், நீங்கள் கண்ட துப்பலில பாதி அதுவாயும் இருக்கலாம். நிமிசத்துக்கு 600 சுத்தில, 1 பாரில, கசிவும் சேர்த்து நிமிசத்துக்கு 2 கிராம் தண்ணி போகும், 10 நிமிசத்துக்குக் குறையாமல் ஓடும். ஸ்பிரிட்டை அளந்து விடுங்கோ. முதல்தரம் 8 மி.லீ எரிச்சு முடிய, ஆறவிட்டு மிஞ்சின தண்ணியை அளவுங்கோ. மூண்டில ஒரு பங்கு மிஞ்சாட்டி அடுத்த தரம் ஸ்பிரிட்டைக் குறையுங்கோ. தண்ணி முடிய முதல் நெருப்பு தானா நூரவேணும். பகல் வெளிச்சத்தில ஸ்பிரிட் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, சூடான விளக்குக்குத் திரும்ப ஊத்தவேண்டாம்.

பத்தின பிறகு அமுக்கம் ஏறினதும் சில்லைக் கையால மெதுவா இருபது முப்பது தரம் சுத்துங்கோ, வெளிவாசலுக்குக் கீழ துணி ஒண்டு. தண்ணி நிண்டு ஆவி வரத்தொடங்கினாப்பிறகு விடுங்கோ.